முத்துப்பிரியாவின் மாத்தாள்

"மருதாயி என்ன சொன்னா?"

சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கி வீட்டு வாசலில் தூக்குவாளியை வைக்கும்போதே ராக்கு கேட்டுவிடுவாள். காலில் மலைமண் அப்பியிருக்கும். சேலைக்கு மேல் போட்ட ஆண்சட்டையைக்கூடக் கழற்றியிருக்க மாட்டாள்.

"மருதாயி இல்லம்மா, மார்த்தா," என்பாள் மகள் முத்துப்பிரியா, மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். "போலந்து நாட்டுக்காரங்க."

"மருதாயின்னு கூப்பிட்டாத் திரும்ப மாட்டாளோ?"

"நீயே கூப்பிட்டுப் பாரு."

"கூப்பிடாமயா? எம்மகளச் சேத்துக்கிடட்டும், போன்லயே வெத்தல பாக்கு வச்சு அழைக்கிறேன். சொல்லு, என்ன சொன்னா?"

"நேத்து அனுப்புனதுல ஒரு எடம் சரியில்லையாம். மாத்தி அனுப்பச் சொல்றாங்க."

"அனுப்பு. வேலை வாங்குறவ குத்தஞ் சொன்னா நல்லதுதான். ஒண்ணுஞ் சொல்லாம மூஞ்சியத் திருப்பிக்கிட்டாத்தான் நாளைக்கு ஆளு வேணாம்னு அர்த்தம்."

ராசிங்காபுரத்திலிருந்து விடியுமுன்னே கிளம்புகிற ஜீப்புகளில் ஒன்றில் ராக்குவுக்கு இடம். முந்தல் தாண்டி, போடிமெட்டு ஏறி, கேரளத்துக்குள் பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் வேலை. கணவன் பேச்சிமுத்து திருப்பூரில் சாயப்பட்டறையில் இருக்கிறான். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வருவான். முத்துப்பிரியா போடியில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம், கம்ப்யூட்டர் படிப்பு.

மார்த்தாவைத் தெரியவைத்த மழைச் செயலி அவள் கைக்கு வந்தது போன கோடையில். லீவுக்கு அம்மாவோடு அவளும் தோட்ட வேலைக்குப் போனாள். அங்கே மழைமானி ஒன்று உண்டு. கங்காணி தினமும் அதைப் பார்த்து ஸ்டோர் சுவரில் கரியால் எழுதிவைப்பார். வெள்ளையடித்தால் அந்த வருஷத்து மழையே போய்விடும். இதைப் போனில் எழுத ஏதாவது உண்டா என்று தேடினபோதுதான் கிடைத்தது. உலகத்தில் எங்கெங்கோ மழை அளக்கிறவர்கள் தங்கள் அளவைப் போட்டுவைக்கிற இலவசச் செயலி. அவளும் போட்டாள். சாயங்காலம் ஜீப்பு போடிமெட்டில் திரும்பும்போது கேரளத்து டவர் போய் நம் டவர் வரும். அந்த இடத்தில் ஒரே மழை இரண்டாகப் பதிவானது.

"ஒரு தடவ பேஞ்சத ரெண்டு தடவயாக் காட்டுது," என்றாள் சந்திரவல்லியிடம்.

சந்திரவல்லி அவள் வகுப்பு. தேவாரத்துப் பெண். காலையில் தேவாரத்திலிருந்து வருகிற பஸ்சில் அவள் இருப்பாள். ராசிங்காபுரத்தில் இவள் ஏறுவாள்.

"நம்ம ஊருல பேயிற மழைக்கு ஆறுதலாக் காட்டுதோ என்னமோ," என்றாள் சந்திரவல்லி.

சிரித்தார்கள். அப்புறம் சிரிக்காமல் உட்கார்ந்தார்கள். அந்தச் செயலி ஓப்பன் சோர்ஸ். அதை எழுதின வரிகள் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கோளாறு கண்டவர் திருத்தி அனுப்பலாம். முத்துப்பிரியா போடிமெட்டுக்கு ஜீப்பில் போய் வந்து, சந்திரவல்லி கீழே இருந்து பார்த்து, கடைசியில் முத்துப்பிரியா ஒரு திருத்தம் எழுதி அனுப்பினாள். அதைப் படித்துச் சேர்த்தவள்தான் மார்த்தா.

"எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் மார்த்தா.

"ஜீப்பில்," என்று எழுதினாள் முத்துப்பிரியா. "என் தோழி உதவி செய்தாள்."

"அவள் பெயரையும் போடுங்கள். யார் உதவினாலும் பெயரைப் போட்டுவிட வேண்டும். இங்கே ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ள எங்களிடம் வேறொன்றும் இல்லை."

திருத்தத்துக்குக் கீழே இரண்டு பெயர்களும் வந்தன. சந்திரவல்லி அதைப் போட்டோ பிடித்துப் போனில் வைத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் மாசி மாதம் மார்த்தாவே எழுதினாள்: கோடைக்கால மாணவர் திட்டம் ஒன்று வருகிறது. எந்த நாட்டுப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் கோடை முழுக்க வழிகாட்டியோடு சேர்ந்து வேலை செய்யலாம், உதவித்தொகையும் உண்டு. நம் மழைச் செயலிக்கு ஓர் இடம்தான். நீங்கள் ஏன் எழுதக்கூடாது?

"ரெண்டு பேரும் எழுதுவோமா?" என்று கேட்டாள் முத்துப்பிரியா.

"ஒரு எடத்துக்கு ரெண்டு பேரா? இந்தக் கோடை நீ. அடுத்த கோடை நான். எங்கப்பாகிட்ட எனக்குச் சொல்ல ஒரு காரணம் வேணும். படிப்பு முடிஞ்சா கல்யாணம்கிறாரு. 'வெளிநாட்டுத் திட்டம், வாத்தியாரு மாதிரி ஒருத்தி எனக்காகக் காத்திருக்கா'ன்னு சொன்னாக் கொஞ்சம் யோசிப்பாரு. நீ போய் வழி பாத்து வையி."

ராக்குவுக்கு இதை விளங்கவைக்கத்தான் முத்துப்பிரியாவுக்கு நேரமானது.

"யாருக்கும் சொந்தமில்லைங்கிற. அப்ப யாரு வீட்டு வேலை அது?"

"எல்லாரு வேலையும்தாம்மா."

"அப்ப கம்மா தூர் வார்ற மாதிரி."

"அப்படி வச்சுக்க."

"நல்ல சோலிதான். வீட்டுக்கு ஒரு ஆளு போகணும். யாரு போனா என்ன, மண்ணு வெளிய வந்தாச் சரி."

உவமை சரியாகத்தான் இருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தாள் முத்துப்பிரியா.

தேர்வானால் இந்தக் கோடையில் அவள் மலைக்குப் போகவேண்டாம். அதைவிட, அடுத்த வருஷம் வேலைக்கு ஆள் எடுக்க வருகிறவர்கள் முன்னால், தமிழ் மீடியத்தில் படித்து வந்தவள், இங்கிலீஷ் பேசத் திக்குகிறவள் என்று வரிசையின் கடைசியில் நிற்கவேண்டாம். நான் செய்தது இதோ என்று திறந்து காட்டலாம். கம்ப்யூட்டர் லேப்பில் எல்லோரும் போனபிறகும் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். செய்யப்போகிற வேலையை விவரித்து அனுப்பினாள். மார்த்தா குற்றம் சொன்னாள், இவள் திருத்தினாள். கடைசியில் நான்கைந்து பேர் தேறினார்கள். அவர்களில் இவளும் ஒருத்தி. இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. குறித்த நாளில் மார்த்தாவும் இன்னும் இருவரும் கேள்வி கேட்பார்கள். இணைப்புச் சரியில்லாத ஊர்க்காரர்களுக்காக, முகம் பார்த்துப் பேசாமல் எழுத்திலேயே அந்த உரையாடல்.

"பரீட்சையா?" என்றாள் ராக்கு.

"பேச்சு மாதிரிம்மா. அதுல பிடிச்சுப்போச்சுன்னா முடிஞ்சது."

"நாளு தவறிடாத. அது போதும்."

ராக்கு அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மலைவேலையில் நாள் தவறினால் ஜீப்பில் அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் அது அவளுடையது. அதனால் காய்ச்சலோ கருமாதியோ, போகமுடியாதவள் தனக்குப் பதில் ஒருத்தியை அனுப்புவாள். மாத்தாள் என்பார்கள். மாத்தாள் போனால் நாள் கணக்கில் விழுந்துவிடும், இடம் போகாது. ஒரே ஒரு நியாயம் உண்டு. மறுநாள் வேலைக்குப் போனவள், மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் கங்காணியிடம் போய், "நேத்து எனக்கு இன்னார் வந்தா" என்று வாயால் சொல்லவேண்டும். சொன்னால்தான் வந்தவளுக்கு மரியாதை. சொல்லாமல் மறைக்கிறவளுக்கு அடுத்த முறை யாரும் மாத்தாளாக வரமாட்டார்கள். தை மாதம் ராக்குவுக்குக் காய்ச்சல் கண்டபோது பக்கத்து வீட்டு மொக்கம்மாள்தான் போனாள்.

உரையாடல் நாள் விடிந்தபோது ராக்கு சாமி கும்பிட்டு, மகள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுத்தான் ஜீப்பேறினாள். பேச்சு சாயங்காலம். முத்துப்பிரியா கல்லூரிக்குப் போகவில்லை. பதினோரு மணிவாக்கில் ஜீப் டிரைவர் சிவக்குமாரே வாசலில் வந்து நின்றான்.

"பாப்பா, பயப்படாத. ஒங்கம்மா சரிவுல வழுக்கி விழுந்துட்டாக. பழைய ஏலத்தட்டைய அறுக்கைல கால் மடங்கிருச்சு. ஆசுபத்திரியில கட்டுப் போட்டாச்சு, எலும்பு விட்டிருக்காம். கட்டு காயிறவரைக்கும் அசைக்கக்கூடாதாம், அங்கயே படுக்க வச்சிருக்கு. ஒன்னையத்தான் கேக்குறாக."

"சாயங்காலத்துக்குள்ள திரும்பிரலாமாண்ணே?"

"கொண்டாந்து விட்டுர்றேன். வெரசா ஏறு."

மலையேறும்போதே கோடைமழை பிடித்துக்கொண்டது. தோட்டத்து லயத்தில், வேலையாட்கள் தங்கும் வரிசை வீடு ஒன்றில், கயிற்றுக்கட்டிலில் ராக்கு படுத்திருந்தாள். முழங்கால்வரை மாவுக்கட்டு. பக்கத்தில் ஒரு மலையாளத்துச் சேச்சி சுடுதண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு வந்த?" என்றாள் ராக்கு. "இன்னிக்கில்ல பேச்சு?"

"நீதான கூப்பிட்டியாம்."

"விழுந்த வலியில கூப்பிட்டிருப்பேன். அதுக்கு வந்துருவியா? கிளம்பு."

கிளம்பத்தான் பார்த்தார்கள். அதற்குள் சிவக்குமார் நனைந்துகொண்டு திரும்பி வந்தான். மெட்டுக்குக் கீழே, கொண்டை ஊசி வளைவில் மரத்தோடு மண் சரிந்து கிடக்கிறது; பஸ்சு லாரி எல்லாம் நிற்கிறது; பொழுது சாய்ந்துதான் வழி விடுவார்களாம்.

முத்துப்பிரியா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தோட்டத்துக்குள் நெட் கிடையாது. மேட்டில் ஸ்டோருக்குப் பின்னால் ஏறி நின்றால் ஒரு கோடு டவர் வரும்; ஒரு போன் பேசலாம், அவ்வளவுதான்.

"போச்சும்மா," என்றாள்.

"என்ன போச்சு? எழவு விழுந்த மாதிரி உக்காராத. சந்திரவல்லிக்கு எல்லாந் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"ஒன்னோடயே கெடந்தவதான? எழுதித்தான கேக்குறாக, மூஞ்சியவா பாக்குறாக? அந்தப் புள்ளையப் போகச் சொல்லு."

"அது சரியா இருக்குமாம்மா?"

"ஏன், சரியா இருக்காது? நீயா ஊரு சுத்தப் போயிட்ட? நாளு விழுகணும். மேட்டுக்கு ஏறு. போ."

"மார்த்தாகிட்ட நாளைக்கு வச்சுக்கங்கன்னு கேட்டா?"

ராக்கு வலியை மறந்து சிரித்தே விட்டாள். "கங்காணிகிட்ட, நான் நாளைக்கு வர்றேன், இன்னிக்கு வேலைய நாளைக்கு வைங்கன்னு எவளாச்சும் கேப்பாளாடி? கேட்டவளுக்கு நாளைக்கும் கெடையாது."

முத்துப்பிரியா மழையில் மேட்டுக்கு ஓடினாள். அந்த ஒரு போன் சந்திரவல்லிக்குப் போனது. அம்மா விழுந்ததைச் சொன்னாள்.

"கால் எப்படி இருக்கு அத்தைக்கு?"

"கட்டுப் போட்டிருக்கு. ஏ, கேளு, டவர் போயிரும். எம் பேர்ல நீ உக்காரு. பாஸ்வேர்டு ஒனக்குத் தெரியும்."

"நானா?"

"நீதான்."

"தப்பாயிருச்சுன்னா?"

"நீ தப்பாச் சொல்ல மாட்ட."

"சரி. நான் பாத்துக்கிறேன். நீ அத்தையப் பாரு," என்றாள் சந்திரவல்லி. அதோடு டவர் போய்விட்டது.

மண்ணை அள்ளி வழிவிட்டதும் ராக்குவைப் பின்சீட்டில் கிடத்திச் சிவக்குமார் கீழே கொண்டுவந்து சேர்த்தான். காலையில் முதல் பஸ்சிலேயே சந்திரவல்லி வீட்டுக்கு வந்துவிட்டாள். கையில் ராக்குவுக்கு ஆரஞ்சுப் பழம்.

"முதல்ல நீ சொல்லு," என்றாள் முத்துப்பிரியா.

"எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டேன். நீ எழுதியிருந்தது பூராம் மனப்பாடமால்ல இருக்கு. ஒரு கேள்விதான் புதுசு. ஒரே எடத்துக்கு ரெண்டு அளவு வந்து, எது சரின்னு போனுக்குத் தெரியலைன்னா என்ன செய்யணும்னு கேட்டாங்க."

"கடைசியா வந்தத வச்சுக்கிட்டு முந்தினத அழிக்கணும். அப்படித்தான நாம எழுதுனோம்."

"எனக்கு அது சரியாப் படலடி. ரெண்டையும் அழிக்கக்கூடாது. மழைய அளந்த ஆளு திரும்ப வர்றவரைக்கும் ரெண்டும் இருக்கட்டும். அவங்ககிட்டயே காட்டி, எது நெசம்னு கேக்கணும்னு சொன்னேன். அளந்த ஆள விடப் போனுக்கு என்ன தெரியும்?"

முத்துப்பிரியா மடிக்கணினியைத் திறந்தாள். உரையாடலின் கடைசியில் மார்த்தா எழுதியிருந்தாள்: "இந்த யோசனை எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. முத்துப்பிரியா, மிகவும் சந்தோஷமாக இருக்கிறது."

அவள் அதை இரண்டுதரம் படித்தாள். தன் பெயருக்கு வந்த பாராட்டு. தனக்குத் தோன்றாத யோசனை. சந்தோஷத்துக்கு நடுவே ஒரு முள் ஏறியதை மறைக்க, "காபி போடவா?" என்று எழுந்தாள்.

"கெடைச்ச மாதிரிதான்டி," என்றாள் சந்திரவல்லி. "மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்க?"

"இது ஒன் யோசனை. எம் பேர்ல இருக்கு."

"இருந்துட்டுப் போகுது. சேந்ததுக்கப்புறம் சொல்லிக்கலாம்."

கட்டிலிலிருந்து ராக்கு குரல் கொடுத்தாள். "என்னது, அப்புறம் சொல்லிக்கலாமா? நேத்து மாத்தாள் போனவ நீ. இன்னிக்குக் காலையில மொத வேலையா இவ சொல்லணும். சொல்லாம வச்சிருந்தா ஒன் ஒழைப்ப இவ திருடுனதா ஆகும்."

"விடுங்கத்தே. எதுக்கு வம்பு."

"சொல்றதுல என்னத்தா வம்பு? மறைச்சாத்தான் வம்பு."

"மார்த்தாவும் அதத்தான் சொல்லியிருக்காங்க," என்றாள் முத்துப்பிரியா. "உதவி செஞ்சவங்க பேரப் போட்டுறணும்னு."

சந்திரவல்லி தோளைக் குலுக்கினாள். ஆனாலும் தன் பெயரை எழுதும்போது எட்டிப் பார்த்தாள். ஆங்கிலத்தில் அவள் பெயருக்கு ஓர் எழுத்து விட்டுப்போயிருந்ததை அவளே திருத்தினாள்.

எல்லோரும் படிக்கிற பொதுப்பக்கத்தில் முத்துப்பிரியா எழுதினது இதுதான்: "நேற்று மலையில் என் அம்மாவுக்கு அடிபட்டது. நான் அங்கே போய்விட்டதால் எனக்குப் பதிலாக என் தோழி சந்திரவல்லி உங்களோடு பேசினாள். இரண்டு அளவுகளையும் வைத்துக்கொள்ளும் யோசனை அவளுடையது. பாராட்டு அவளுக்குச் சேரவேண்டும். அவளுக்கு என் நன்றி."

"நல்லா எழுதியிருக்கியா?" என்றாள் ராக்கு.

"எழுதிட்டேன்."

"இப்ப காபி போடு. மூணு பேருக்கும்."

பதில் மறுநாள் மதியம் வந்தது. திட்டத்தை நடத்துகிறவர்களிடமிருந்து ஒன்று, அது சிறியது. விண்ணப்பித்தவர் இடத்தில் வேறொருவர் பேசியது ஆள்மாறாட்டம். விண்ணப்பம் நீக்கப்படுகிறது. சம்பந்தப்பட்ட இருவரும் இந்தத் திட்டத்துக்கு இனி எந்த ஆண்டும் விண்ணப்பிக்க முடியாது.

மார்த்தா தனியாக எழுதியிருந்தது பெரியது. "உங்கள் அம்மாவுக்கு அடிபட்டது என்று ஒரு வரி வந்திருந்தால் நாளை மாற்றியிருப்பேன். உங்கள் தோழியே அந்த ஒரு வரியை எழுதியிருக்கலாம். வேறு ஒருவருக்குப் பல்வலி என்று மாற்றிக்கொடுத்தேன். நீங்கள் மறைத்திருந்தால் எனக்குத் தெரியவே வந்திருக்காது. நீங்கள் ஏமாற்ற நினைக்கவில்லை என்று மற்றவர்களிடம் வாதாடிப் பார்த்தேன். விதி அப்படி இருக்கிறது. என்னால் முடியவில்லை."

பல்வலி என்ற இடத்தில் முத்துப்பிரியா நின்றுவிட்டாள். மேட்டில் மழையில் நின்று பேசின அந்த ஒரு போனை நினைத்தாள். எம் பேர்ல நீ உக்காரு என்று சொல்ல ஆன நேரம்தான், நாளைக்கு வச்சுக்கச் சொல்லு என்று சொல்லவும் ஆகியிருக்கும்.

"யாரு சொல்லிக் குடுத்தது அவகளுக்கு?" என்றாள் ராக்கு, விஷயம் கேட்டு.

"நாமதாம்மா சொன்னோம்."

"நாம சொன்னது நல்லதுக்கில்ல?"

"அவங்களுக்கு மாத்தாளே கெடையாதும்மா. அவங்கவங்கதான் வரணும். முடியலைன்னா நாள மாத்திக் குடுப்பாங்க."

"மாத்திக் குடுப்பாங்களா?"

"கேட்டிருந்தா."

ராக்கு கட்டுப் போட்ட காலைத் தடவிக்கொண்டாள். "நாள மாத்திக் குடுக்குற எடம்னு ஒண்ணு இருக்குன்னு எனக்கு எப்படித்தா தெரியும்?" என்றாள். அப்புறம், "போனக் கொண்டா. நான் பேசுறேன் அவகிட்ட," என்றாள்.

"அவங்களுக்குத் தமிழ் தெரியாது."

"நீ அப்புறம் எழுது. எங் கொரல் போகட்டும்."

முத்துப்பிரியா பதிவுசெய்யும் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். ராக்கு தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். போலந்துக்காரி பார்க்கிறாள் என்பதுபோல.

"ஆத்தா மருதாயி, நான் முத்துப்பிரியா அம்மா பேசுறேன். நல்லா இருக்கியா? புள்ளைக ரெண்டும் தப்புப் பண்ணல தாயி. விழுந்தவ நானு. போகச் சொன்னவ நானு. வெளிய சொல்லச் சொன்னவளும் நானுதான். எங்க பக்கம் அப்படித்தான் செய்வோம். நீ விலக்குறதா இருந்தா என்னைய விலக்கிக்க. நான் ஒங்க வேலைக்கு ஒரு நாளும் வரமாட்டேன், சத்தியமா. புள்ளைகளுக்கு வழி விடு. அந்தத் தேவாரத்துப் புள்ளைக்காவது விடு. அவ உதவிக்கு வந்தவ."

முத்துப்பிரியா ஒரு சொல்கூட விடாமல் ஆங்கிலத்தில் எழுதிக் கூடவே அனுப்பினாள். என்னைய விலக்கிக்க என்பதைக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்.

மார்த்தாவின் பதில் அன்றே வந்தது. "அம்மாவின் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். மற்றவர்களையும் கேட்கவைத்தேன். முடிவு மாறவில்லை. அம்மாவின் கால் குணமாகட்டும்."

"என்ன சொன்னா?"

"ஒன் கால் குணமாகட்டுமாம்."

"அது கெடக்கு. மத்தது?"

"முடியாதாம்."

"ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்கும்."

ராக்கு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளப் பார்த்தாள். கட்டுப் போட்ட கால் திரும்பவிடவில்லை. முந்தானையை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள்.

சந்திரவல்லிக்குப் போனில் சொன்னபோது அவள், "ம்" என்றாள். "சரி, வைக்கிறேன்," என்றாள். அதற்குப் பிறகு பஸ்சில் அவளைக் காணவில்லை. வகுப்புக்கும் வரவில்லை. சித்திரை பிறந்து, தேர்வான பிள்ளைகளின் பெயர்கள் வெளியான பிறகு, முத்துப்பிரியா தேவாரத்துக்குப் பஸ்சேறினாள்.

சந்திரவல்லி வீட்டு முற்றத்தில் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா கலையரசிதான் வாசலுக்கு வந்தாள்.

"வாத்தா. இப்பத்தான் வழி தெரிஞ்சதா? ஒங்கம்மா கால் எப்படி இருக்கு?"

"கட்டுப் பிரிக்க இன்னும் நாளாகும் அத்தே."

"இரு, காபி கொண்டாறேன்," என்று உள்ளே போனாள்.

முத்துப்பிரியா எதிரில் உட்கார்ந்து ஒரு பிடி கடலையை எடுத்தாள். சந்திரவல்லி தலையைத் தூக்கவில்லை.

"பருப்பு ஒடையாம உரி. விதைக்கு."

"ம்." கொஞ்சநேரம் உரித்தாள். "என்னைய ரெண்டு வார்த்த திட்டிருடி."

"திட்டுனா நீ நிம்மதியாப் போயிருவ."

"நான் நல்லது நெனச்சுத்தான்..."

"தெரியும். அத்தையும் நல்லது நெனச்சாங்க. நானும் நல்லது நெனச்சுத்தான் உக்காந்தேன். எல்லாரும் நல்லதுதான் நெனச்சோம்." ஒரு சொத்தைக் கடலையைத் தூர எறிந்தாள். "சேந்தது யாரு?"

"பிரேசில்லருந்து ஒரு பையன்."

"அந்த ரெண்டையும் வச்சுக்கிட்டுக் கேக்குறது, அத அவனா செய்யப்போறான்?"

"திட்டத்துல சேத்திருக்காங்க."

"எம் பேரு போட்டிருக்கா?"

முத்துப்பிரியா இன்னொரு கடலையை எடுத்தாள். "அன்னிக்குப் பேசுன பேச்சையே பக்கத்துலருந்து எடுத்துட்டாங்க. நான் எழுதுனதும் சேந்து போயிருச்சு."

"அப்ப நீ சொன்னது எம் பேர அடிக்கிறதுக்கு மட்டும்தான் ஒதவியிருக்கு."

அதில் கோபம்கூட இல்லை. கணக்குப் போட்டு விடை சொல்வதுபோலச் சொன்னாள். முத்துப்பிரியா கையிலிருந்த கடலை உடைந்து பருப்பு இரண்டாகப் போயிருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டாள்.

"வீட்டுல தெரியுமா?" என்று மெல்லக் கேட்டாள்.

"தெரியாது. நீ வாயத் தொறக்காத. இந்த ஒரு தடவயாவது."

சந்திரவல்லி முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கலையரசி இரண்டு டம்ளர்களோடு வந்து, மகள் இருந்த இடத்தில் தானே உட்கார்ந்தாள்.

"எங்க போனா இவ? சரி, நீ குடி. ஆமா, ஒங்க அந்த மழை வேலை எப்பத்தா ஆரம்பிக்குது?"

"எனக்குக் கெடைக்கல அத்தே."

"அடடா." கலையரசி நிஜமாகவே வருந்தினாள். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "மனச விடாத. அடுத்த வருஷம் எங்க சந்திரவல்லி எழுதுறாள்ல, அவளுக்குக் கெடைச்சா ஒனக்குக் கெடைச்ச மாதிரிதான். பொட்டிபுரத்துலருந்து ஒரு மாப்ள வந்துச்சு. இவுக அப்பா பிடியாப் பிடிச்சாரு. நான்தான், பொறுங்க, அவளுக்கு அடுத்த கோடையில வெளிநாட்டு வேலை ஒண்ணு காத்துக்கிட்டு இருக்கு, முத்துப்பிரியாவக் கேட்டுப் பாருங்கன்னு சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன். இப்ப வயக்காட்டுலருந்து வந்துருவாரு. நீயே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ ஆத்தா. நீ சொன்னா நம்புவாரு."

முத்துப்பிரியா டம்ளரோடு உள்ளே எட்டிப் பார்த்தாள். வீட்டுக்குள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"சொல்லுவியா?" என்றாள் கலையரசி.

"சொல்றேன் அத்தே," என்றாள் முத்துப்பிரியா.